காசு ஐந்தில் கோயில் வரைந்த கதை

சொந்தமாக ஒரு டாரட் கட்டு, அதாவது குறி பார்க்கிற படச் சீட்டுக்கட்டு, வரைந்துகொண்டிருக்கிறேன், பதினோரு மாதமாக. 78 சீட்டில் 41 முடிந்திருக்கிறது. எதிர்காலம் சொல்வதில் எனக்கு நம்பிக்கை அரைகுறைதான், படங்கள் பிடித்துப்போய் இறங்கியவன் நான். இதுவரை எங்கெங்கே வழுக்கி விழுந்தேன் என்று எழுதுகிறேன், உங்கள் அனுபவமும் சொல்லுங்கள்.

முன்மாதிரி எல்லாரும் வைத்திருக்கிற அதே கட்டுதான், 1909இல் லண்டனில் வந்தது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் யோசனை, வரைந்தது பமீலா கோல்மன் ஸ்மித். அதற்கு முன்பு பெரும்பாலான கட்டுகளில் எண் சீட்டு நாற்பதிலும் படம் என்று ஒன்றும் இருக்காது, காசு என்ற வகையில் ஐந்தாம் சீட்டு, அதாவது காசு ஐந்து என்றால் ஐந்து காசு, அவ்வளவுதான். அந்த அம்மா ஒவ்வொன்றிலும் ஒரு காட்சியை வைத்தார். வேலை பெரிது, கூலி சொற்பம் என்று நண்பர் ஒருவருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். படம் வரைந்து பிழைக்கிறவன் என்பதால் இது எனக்கு மனப்பாடம்.

நம் ஊர்ப் படமாக மாற்றினால் போதும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். தொங்கும் மனிதன் சீட்டில் ஒருவன் ஒற்றைக்காலில் தலைகீழாகத் தொங்குவான், முகத்தில் வலி கிடையாது, தலையைச் சுற்றி ஒளிவட்டம். தலைகீழ் என்றதும் என் கைக்கு வந்தது வேதாளம். முருங்கைமரம், பின்னால் நிலா, தூரத்தில் வாளோடு விக்கிரமாதித்தன், இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்தேன். கூட வேலை பார்ப்பவரிடம் காட்டினால், "என்னங்க, வேதாளம் மறுபடியும் முருங்கைமரம் ஏறிடுச்சா?" என்று சிரிக்கிறார். போச்சு. அந்தச் சீட்டு சொல்வது, பிடிவாதத்தை விட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இரு, வேறு பக்கத்திலிருந்து பார் என்று. நான் வரைந்து வைத்திருந்தது பழைய புத்திக்கே திரும்பிப் போகிறவனை. பழமொழி என் படத்தைத் தின்றுவிட்டது.

பழைய இத்தாலியில் இதே சீட்டுக்குத் துரோகி என்றுதான் பெயர், துரோகம் செய்தவனை ஒற்றைக்காலில் தலைகீழாகத் தொங்குகிற மாதிரி சுவரில் வரைந்து ஊரே பார்க்க அவமானப்படுத்துவார்களாம். துரோகியே ஞானி ஆகலாம் என்றால் வேதாளத்துக்கும் ஒரு வாய்ப்பு கொடுக்கலாமே என்று ஒரு வாரம் அடம்பிடித்துப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. கடைசியில் பூங்காக் கம்பியில் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்குகிற என் அண்ணன் மகளை வரைந்தேன். ஜடை மண்ணைத் தொடுகிறது, சிரிக்கிறாள், யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை.

மரணம் சீட்டில் எமனும் எருமையும் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. அங்கே எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது, ஆனால் பின்னால் இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் சூரியன் இருக்கிறது, ஒரு குழந்தை பயமில்லாமல் நிமிர்ந்து பார்க்கிறது. குலை தள்ளிய வாழையை வெட்டிச் சாய்த்திருப்பதையும் பக்கத்தில் கன்று நிற்பதையும் வரைந்தேன். எனக்கு இதில் பெருமைதான். அம்மா பார்த்துவிட்டு "யாருக்குடா கல்யாணம்?" என்றார். வாசலில் கட்டத்தான் மரத்தை வெட்டியிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அதை அப்படியே விட்டுவிட்டேன், அம்மா சொன்னதிலும் தப்பில்லை.

இப்போது காசு ஐந்து. பனியில் இரண்டு ஏழைகள், ஒருத்தி வெறுங்காலோடு, ஒருவன் கக்கத்தில் ஊன்றுகோலோடு. மேலே வண்ணக் கண்ணாடி ஜன்னல், உள்ளே வெளிச்சம். பக்கத்திலேயே உதவி இருக்கிறது, இவர்கள்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று அர்த்தம் சொல்வார்கள். பனிக்குப் பதில் மழை, தேவாலயத்துக்குப் பதில் கோயில் மதில், உள்ளே தீபம். அவன் கழுத்தில் ஒரு மணி தொங்கும், மாட்டு மணி மாதிரி தெரிந்ததால் எடுத்துவிட்டேன். படம் கீழே. எப்படி இருக்கிறது?

*

தம்பி, படம் அழகாக இருக்கிறது, மழையும் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் எனக்கு வேறு மாதிரி இருந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் பாட்டி கடைசிவரைக்கும் எங்கள் ஊர் அம்மன் கோயிலை வெளியே நின்றுதான் கும்பிட்டார். தேர் நிற்கும் இடத்துக்கு இந்தப்பக்கம் ஒரு வேப்பமரம், அதற்கு மேல் போகக்கூடாது. மதுரையில் வைத்தியநாத ஐயர் கக்கன் முதலானவர்களைக் கூட்டிக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனது 1939 ஜூலை 8. எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி வந்துசேர இன்னும் நாளாகும்போல. சின்ன வயதில் நான் பாட்டியின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு உள்ளே தெரிகிற தீபத்தை எட்டி எட்டிப் பார்த்திருக்கிறேன், பாட்டியும் நிமிர்ந்துதான் பார்ப்பார். நிமிர்ந்து பார்க்காததா அவருடைய பிரச்சினை?

உங்கள் படத்தைப் பார்த்ததும் எனக்கு வேப்பமரம்தான் ஞாபகம் வந்தது, உதவி பக்கத்தில் இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

அப்புறம் அந்த மணி. ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் தொழுநோயாளிகள் தெருவில் வரும்போது மணியோ கட்டையோ தட்டிக்கொண்டு வரவேண்டும், மற்றவர்கள் விலகிப் போவதற்காக. அந்தச் சீட்டில் இருப்பது அந்த மணி என்றுதான் பலரும் சொல்கிறார்கள். கோயில் மணி ஆளைக் கூப்பிடும், இது ஆளைத் தள்ளிவைக்கும். மற்ற எதையும் எடுத்திருக்கலாம், அதைப் போய் எடுத்திருக்கிறீர்கள்.

*

நான் இரண்டு வருஷம் முன்பு ஒரு கட்டு அச்சடித்தேன், படம் எல்லாம் உங்கள் அளவுக்கு இல்லை, அதனால் தொழில் சமாச்சாரம் மட்டும் சொல்கிறேன். பின்பக்கம் என்ன போடப்போகிறீர்கள்? நான் குத்துவிளக்கு போட்டேன். கட்டு கைக்கு வந்த பிறகுதான் உறைத்தது, சீட்டு தலைகீழாக வந்தால் பலரும் வேறு அர்த்தம் சொல்வார்கள், ஆனால் சீட்டு தலைகீழாக இருந்தால் பின்பக்க விளக்கும் தலைகீழாக நிற்கிறது, எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. நூறு கட்டும் வீண். இப்போது சிக்குக் கோலம் போட்டிருக்கிறேன், எப்படித் திருப்பினாலும் ஒன்றுபோல வருகிற கோலமாகப் பார்த்து. ஓரத்தில் வெட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் விடுங்கள், என் அச்சகத்தில் விடச் சொல்லவில்லை, பாதிச் சீட்டுக்கு எண் போய்விட்டது. நான் எண்ணை ஓரத்தோடு ஒட்டி வைத்ததும் தப்புதான்.

*

அக்கா, கோபமெல்லாம் இல்லை. படித்துவிட்டு இரண்டு நாள் அந்தச் சீட்டையே எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு தடவையாவது பார்த்திருப்பேன், அதில் வாசல் இல்லை என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. ஜன்னல் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் தலைக்கு மேலே. வெயிட் எழுதிய விளக்கத்தைப் போய்ப் பார்த்தால், பனிப்புயலில் இரண்டு பிச்சைக்காரர்கள் விளக்கெரிகிற ஜன்னல் ஒன்றைக் கடந்து போகிறார்கள், இவ்வளவுதான். தேவாலயம் என்றுகூட அவர் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்திருந்தால் உதவி கிடைத்திருக்கும் என்பதெல்லாம் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது, நானும் அதை யோசிக்காமல் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

உதவி பக்கத்தில் இருக்கிறது என்ற அர்த்தமும் எனக்கு வேண்டும், ஏனென்றால் வேலை போன வருஷம் எனக்கு நடந்தது அதுதான், கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், நான்தான் கேட்கவில்லை. அந்தச் சீட்டை ராத்திரி டீக்கடையாக மாற்றிவிட்டேன். பாய்லர் பக்கத்தில் ஒரு பல்பு, மழையில் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு பேர் தாண்டிப் போகிறார்கள், கடைக்காரர் எட்டிப் பார்க்கிறார். கடன் சொல்லிக் குடிக்கக்கூடிய கடை.

கோயில் மதிலையும் தூக்கிப்போடவில்லை. அதில் இருவரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள், கழுத்தில் மணி இருக்கிறது. வேப்பமரம் வரைய உங்கள் சம்மதம் வேண்டும், அது பாட்டியுடைய மரம். நீங்கள் வேண்டாம் என்றால் வெறும் மதிலோடு விட்டுவிடுகிறேன்.

ஒரே கட்டில் இரண்டு காசு ஐந்தா என்று சீட்டுப் பார்ப்பவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும். கணக்கு போட்டுப் பார்த்தேன், 13க்கு 19 அங்குலத் தாளில் 12 சீட்டு பிடிக்கிறது, 78க்கு ஏழு தாள் எப்படியும் வேண்டும். ஆறு இடம் சும்மாதான் கிடக்கிறது.