மறுமொழி: மாஸ்டர் சிலிண்டருக்குத் தமிழ்ச்சொல் – ‘பிழியுரல்’ என்று வைக்கலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிளில் பிரேக் லீவரைப் பிடித்ததும் திரவத்தைக் குழாய் வழியே சில்லுப் பக்கம் தள்ளும் உறுப்புத்தான் மாஸ்டர் சிலிண்டர். அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கராஜுக்கே கொண்டுபோனேன். தலைமை உருளை, முதன்மை உருளை, அமுக்குருளை, அழுத்துருளை. களுவாஞ்சிக்குடிப் பக்கம் பழைய மோட்டார் சைக்கிள் திருத்தும் அண்ணன் ஒருவருக்கு வாசித்துக் காட்டித்தான் என் கையேட்டைச் சரிபார்க்கிறேன். வேலை பழகும் பிள்ளைகளுக்கான கையேடு அது. அவருக்கு விளங்காத சொல் அதில் இருந்து பயனில்லை.

‘தலைமை உருளை’ என்று வாசித்ததும், “எதுக்குத் தம்பி இது தலைமை?” என்று கேட்டார். சரியான கேள்வி. ஆங்கிலத்தில் ‘மாஸ்டர்’ என்று இருக்கிறது, அதனால் நாம் தலைமை என்கிறோம். வேறு காரணம் இல்லை. மறுமுனையில் இருப்பதை அவர்கள் ‘ஸ்லேவ்’ என்கிறார்கள் என்பதற்காக ‘அடிமை உருளை’ என்ற சொல்லும் இங்கே வந்திருந்தது. அந்த உறவைத் தமிழுக்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை. அது ஒருபுறம் இருக்க, அந்த உறுப்பு என்ன செய்கிறது என்பதைத் தலைமை என்ற சொல் கொஞ்சமும் சொல்வதில்லை.

என்ன செய்கிறது என்று தெரியாமல் நானே ஒருமுறை கஷ்டப்பட்டேன். என்னிடம் இருப்பது முன்சில்லில் ஒற்றை டிஸ்க் உள்ள பழைய 250 சிசி பைக். மாஸ்டர் சிலிண்டர் கசியத் தொடங்கியதும், பெரியது நல்லது என்ற நினைப்பில், இரட்டை டிஸ்க் பைக் ஒன்றிலிருந்து கழற்றியதை வாங்கிப் பூட்டினேன். லீவர் மரக்கட்டையாய் இறுகிவிட்டது. இரண்டு விரலால் பிடித்த பிரேக்கை நாலு விரலாலும் நெரிக்க வேண்டிவந்தது. கல்லடிப் பாலத்தைத் தாண்டி வரும்போது, முன்னால் நின்ற ஓட்டோவுக்கு ஒரு முழம் இருக்கத்தான் பைக் நின்றது.

அண்ணன் அந்தச் சிலிண்டரின் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். வார்ப்பிலேயே 5/8 என்று புடைத்திருந்தது. பழையதைத் திருப்பிப் பார்த்தோம்: 1/2. உள்ளே ஓடும் ஆடுதண்டின் (பிஸ்டனின்) விட்டம், அங்குலக் கணக்கில். அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இது இடியப்ப உரல் மாதிரித்தான் தம்பி. அகலமான உரலெண்டா பிழியக் கை நோகும். ஒடுக்கமான உரலெண்டா லேசாப் பிழியலாம், மறுகா கூடத் தூரம் அமுக்கோணும்.”

அடைபட்ட திரவத்தில் கொடுத்த அமுக்கம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்ற பஸ்காலின் விதி முழுவதும் இந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. 5/8 அங்குல ஆடுதண்டின் முகம் ஏறத்தாழ 198 சதுர மில்லிமீற்றர். 1/2 அங்குலத்தில் 127. அதே கைவிசை சிறிய முகத்தில் விழும்போது அமுக்கம் 1.56 மடங்காகிறது. திரவத்தை அதே அளவு தள்ள, ஆடுதண்டும் 1.56 மடங்கு தூரம் ஓட வேண்டும். ஆகவே டிஸ்க் ஒன்றா இரண்டா, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கலிப்பரில் எத்தனை ஆடுதண்டு என்று பார்த்துத்தான் சிலிண்டரின் அகலத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். என் பைக்குக்கு மறுபடி 1/2 வந்தது. லீவர் இளகியது.

நான் முன்வைக்கும் சொல் அங்கிருந்துதான் வருகிறது: பிழியுரல். பிழி, உரல் இரண்டும் சேர்ந்த வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல. பிழிந்த, பிழிகின்ற, பிழியும் உரல். இலங்கையில் நம் பள்ளிப் புத்தகங்களில் அமுக்கம் என்றும் தமிழ்நாட்டில் அழுத்தம் என்றும் இருப்பதால் அமுக்குருளையா அழுத்துருளையா என்று பத்து நாளாக இழுபட்டோம். அங்கே முறுக்குப் பிழிகிறார்கள், இங்கே இடியப்பம் பிழிகிறோம். அந்த இழுபறி இந்தச் சொல்லோடு முடிந்துவிடும். கலைச்சொல் வேலையில் இரு கரைக்கும் பழைய உறவு உண்டு. 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள்தானே.

> சிலிண்டருக்கெல்லாம் உருளை என்றிருக்க, இதற்கு மட்டும் உரலா?

எஞ்சினில் இருப்பது உருளையாகவே இருக்கட்டும். அங்கே எரியும் வாயு ஆடுதண்டைத் தள்ளுகிறது. இங்கே ஆடுதண்டு திரவத்தைத் தள்ளுகிறது. வேலை நேர்மாறு, பெயரும் வேறாக இருக்கலாம். இன்னொன்று, அமுக்குருளை என்று நான் வாசித்தபோது வேலை பழகும் பொடியன், “ரோட்டுக்குக் கல் அமுக்கிற ரோலரா?” என்று கேட்டான். அவன் காதில் அப்படித்தான் விழுகிறது.

> சமையலறைச் சொல் பொறியியலுக்குப் பொருந்துமா?

துப்பாக்கியில் குதிரை இருக்கிறது, சக்கரத்துக்குப் பல் இருக்கிறது, ஊசிக்குக் காது இருக்கிறது. வீட்டிலிருந்தும் உடம்பிலிருந்தும் எடுத்த சொற்கள்தான் நிலைத்திருக்கின்றன.

> உரலில் பிழிந்த மா திரும்பி வராது. திரவம் திரும்பி வருமே, ஐயா?

இதுதான் வந்தவற்றில் வலுவான மறுப்பு. லீவரை விட்டதும் ஸ்பிரிங் ஆடுதண்டைப் பின்னால் தள்ள, திரவம் ஊற்றிவைக்கும் கிண்ணத்தின் அடியில் உள்ள நுண்துளை வழியே திரவம் மேலே போய்ச் சமனாகிறது. அந்தத் துளை அடைபட்டால், லீவரை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். இதையும் அந்த ஒரே பெயருக்குள் திணிக்க முடியாது. துளைக்குத் தனிப்பெயர் கொடுப்போம்: திரும்புதுளை. பிள்ளைகளும் அதைத் தேடிச் சுத்தம் செய்யப் பழகுவார்கள்.

பின் பிரேக்கைக் காலால் மிதிக்கிறோமே என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பிழிபடுவது திரவம். கை பிழிந்தாலும் கால் பிழிந்தாலும் பெயர் நிற்கும்.

அடுத்த சொல்லில் எனக்கு விட்டுக்கொடுக்க இடமில்லை. நாங்கள் எல்லோரும் ‘பிரேக் ஒயில்’ என்கிறோம். இந்த இழையிலும் ‘தடுப்பு எண்ணெய்’ என்று வந்திருக்கிறது. டொட் 3, டொட் 4 என்று போத்தலில் வருவது எண்ணெயே அல்ல, கிளைக்கோல் வகைத் திரவம். எனக்குத் தெரிந்த பொடியன் ஒருவன், ஒயில்தானே என்று, கிண்ணத்தில் எஞ்சின் ஒயிலை ஊற்றிவிட்டான். உள்ளே இருந்த ரப்பர் வளையங்கள் ஊதி, ஆடுதண்டு திரும்பாமல், முன்சில்லு நடுவீதியில் இறுகிக்கொண்டது. பிழியுரலில் இருந்து கலிப்பர் வரை ரப்பர் எல்லாம் மாற்ற வேண்டிவந்தது. பெயர்தான் அவனை அந்த வேலைக்குக் கொண்டுபோனது.

எண்ணெய் தண்ணீரோடு சேராது. இந்தத் திரவமோ காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். டொட் 4இன் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்குத் தரம் கேட்பது 155தான். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் ஊரில் இதைப் பெயரிலேயே மறைக்கலாமா? ‘பிரேக் திரவம்’ என்றே எழுதுவோம். பிரேக் என்பதை நான் தொடவில்லை, அது எப்போதோ நம் சொல்லாகிவிட்டது.

குழாய்க்கு வந்த ‘பின்னற்குழாய்’ எனக்குச் சம்மதம். பழைய ரப்பர் குழாயை விரல்களால் பிடித்துக்கொண்டு இன்னொருவரை லீவரைப் பிடிக்கச் சொன்னால், அது கைக்குள்ளேயே ஊதுவது தெரியும். ஒடுக்கமான பிழியுரலில் லீவர் ஏற்கனவே கூடத் தூரம் ஓடுகிறது. அதில் குழாய் ஊதுவதற்கும் ஒரு பங்கு போனால் லீவர் கைப்பிடிவரை வந்துவிடும். உள்ளே டெஃப்லான், வெளியே துருப்பிடிக்காத எஃகுப் பின்னல் என்றால் அந்த ஊதல் மிகக் குறைவு. பிழியுரலையும் குழாயையும் ஒன்றாக மாற்றச் சொல்வது அதனால்தான். பூட்டும்போது செம்பு வொஷர்கள் புதிதாக இருக்க வேண்டும் என்பதையும் கையேட்டில் சேர்த்திருக்கிறேன்.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதை ஆங்கிலத்தில் ‘பிளீடிங்’ என்பதால் இங்கே வந்த ‘குருதி வடித்தல்’ வேண்டாம். கராஜில் “எயார் எடுக்கிறது” என்கிறார்கள். காற்றெடுப்பு என்று எழுதினால் போதும்.

வரும் ஞாயிறு கராஜ் சுவரில் உள்ள பலகையில் பிழியுரல், திரும்புதுளை, பிரேக் திரவம், பின்னற்குழாய், காற்றெடுப்பு என்று ஐந்தையும் எழுதப்போகிறேன். பிழியுரலைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து,
அன்புடன்.