மனுசிக்குக் கேரர்ஸ் அலவன்ஸ் வந்த மாதமே யூசியில 361 பவுண்ஸ் வெட்டு. ஏன்? (பிரித்தானியா, 2025-26 தொகையள்)

குரொய்டன்காரன்:
வணக்கம். நாங்கள் ரெண்டு பேர்தான், பிள்ளையள் இல்லை, வாடகை வீடு. முள்ளந்தண்டு ஒப்பரேசனுக்குப் பிறகு நான் வேலைக்குப் போறேல்லை. பிப்பில (ஊனம், நீண்டகால வருத்தம் உள்ளவைக்குக் குடுக்கிற காசு) அன்றாடப் பராமரிப்புக்கான டெய்லி லிவிங் பகுதி ஸ்டாண்டர்ட் வீதத்தில கிடைக்குது, கிழமைக்கு 73.90. யூனிவர்சல் கிரெடிட்டில (யூசி, வருமானம் குறைஞ்சவைக்கான அரசாங்கக் காசு) எல்.சி.டபிள்யூ.ஆர்.ஏ.யும் (வருத்தத்தால வேலை செய்ய ஏலாதவைக்கான கூடுதல் தொகை) இருக்கு. குளிக்க வார்க்கிறது, சொக்ஸ் போட்டுவிடுறது, இரவில ரெண்டு மூண்டு தரம் எழும்பித் திருப்பிப் படுக்க வைக்கிறது எல்லாம் மனுசிதான். அவ கேரர்ஸ் அலவன்சுக்கு (பராமரிக்கிற ஆளுக்குக் குடுக்கிற காசு) விண்ணப்பம் போட்டு, கிழமைக்கு 83.30 கிடைச்சிட்டு.

சந்தோசப்பட்டு முடியேல்லை, இந்த மாத ஸ்டேட்மென்டில 360.97 கழிச்சிருக்கு. பாங்கில விழுந்ததோ 333.20. அப்ப 27 பவுண்ஸ் எங்களுக்கு நட்டமோ? இனி என்ர பிப்பிலயும் கை வைப்பினமோ? மனுசி இப்ப "போடாமலே இருந்திருக்கலாம்" எண்டு புறுபுறுக்கிறா.

ஈலிங் அக்கா:
தம்பி, பிப்பைப் பற்றிப் பயப்பிடாதேங்கோ. அது வருமானம் பாக்காத காசு, யூசியும் அதை வருமானமாக் கணக்கெடுக்கிறேல்லை. மனுசி அலவன்ஸ் எடுத்தாலும் உங்கட பிப்போ எல்.சி.டபிள்யூ.ஆர்.ஏ.யோ குறையாது.

அந்த 27 பவுண்ஸ் நட்டமில்லை. அலவன்ஸ் நாலு கிழமைக்கு ஒருக்கா விழும், வருசத்துக்கு 13 தரம். யூசி அதை 12 மாதமாப் பிரிச்சுக் கழிக்கும். ஒரு மாதத்தில ரெண்டு தரம் விழேக்க எல்லாம் சரிவரும்.

ஆனா யூசி அலவன்சைப் பவுண்சுக்குப் பவுண்ஸ் கழிக்கும், வேலைச் சம்பளம் மாதிரி 55 சதவீதம் இல்லை. அதால அலவன்சால மட்டும் உங்கட வீட்டுக்கு ஒரு சதமும் கூட வராது. கூட வரவேண்டியது கேரர் எலிமென்ட் (பராமரிக்கிறவைக்கு யூசிக்குள்ளயே சேர்க்கிற தொகை), மாதம் 201.68. ஸ்டேட்மென்டில அந்த வரி இருக்கோ பாருங்கோ.

குரொய்டன்காரன்:
இல்லை அக்கா. தம்பதிக்கான 628.10, எல்.சி.டபிள்யூ.ஆர்.ஏ. 423.27, வாடகை. அவ்வளவுதான். அலவன்ஸ் கிடைச்சா எலிமென்ட் தன்பாட்டில வரும் எண்டு நினைச்சன்.

ஈலிங் அக்கா:
எல்லாரும் விழுற குழிதான். மனுசி தன்ர யூசி அக்கவுண்டுக்குள்ள போய் (உங்கடதில இல்லை, ரெண்டு பேருக்கும் தனித்தனி) கிழமைக்கு 35 மணித்தியாலமோ கூடவோ உங்களைப் பராமரிக்கிறன் எண்டு மாற்றத்தை அறிவிக்கவேணும். எப்ப தொடங்கினது எண்ட தேதியும், ஏன் பிந்திச் சொல்லுறா எண்டதும் ஜேர்னலில (யூசி அக்கவுண்டில செய்தி எழுதுற பகுதி) எழுதி, பழைய மாதத்துக்கும் கேக்கச் சொல்லுங்கோ. எழுத்தில கிடக்கட்டும், ஃபோனில சொன்னது காத்தோட போயிடும்.

எல்.சி.டபிள்யூ.ஆர்.ஏ. இருக்கேக்க கேரர் எலிமென்ட் தரமாட்டினம் எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ. ஒரே ஆளுக்கு ரெண்டும் இல்லை எண்டதுதான் சட்டம். புருசனுக்கு ஒண்டு, பெண்சாதிக்கு மற்றது எண்டா தாராளமா வரும். வேலை தேடு எண்டு மனுசிக்குக் குடுக்கிற கரைச்சலும் அதோட நிக்கும்.

இன்னொண்டு, அலவன்ஸ் எடுக்காமலே எலிமென்ட் மட்டும் கேக்கலாம். கனபேருக்கு இது தெரியாது.

லெஸ்டர்வாசி:
நடுவுல வரேன், மன்னிக்கணும். இதைப் படிக்கிற யாராவது தனியா இருக்கிற அம்மா அப்பாவுக்காக கேரர்ஸ் அலவன்ஸ் போடப்போறீங்கன்னா ஒரு நிமிஷம் நில்லுங்க. எங்கம்மா தனி வீட்ல இருக்காங்க, பென்ஷன் கிரெடிட்டும் (வருமானம் குறைஞ்ச முதியவங்களுக்கான காசு) அட்டென்டன்ஸ் அலவன்சும் (பராமரிப்பு தேவைப்படற முதியவங்களுக்கான காசு) வாங்கறாங்க. பென்ஷன் கிரெடிட்டுல கடும் ஊனத்துக்கான கூடுதல் தொகைன்னு வாரம் 82.90 வந்துட்டிருந்தது. நான் கேரர்ஸ் அலவன்ஸ் வாங்க ஆரம்பிச்சதும் அது நின்னுபோச்சு. எனக்கு 83.30 வரவு, அம்மாவுக்கு 82.90 போச்சு. குடும்பத்துக்கு லாபம் 40 பென்ஸ்! அதுவும் என்னோடது வரிக்கு உட்பட்ட வருமானம். யூசியில கேரர் எலிமென்ட் வாங்கினாலும் இதே கதிதான்.

குரொய்டன்காரர் கவலைப்பட வேண்டாம், யூசியில அப்படி ஒரு கூடுதல் தொகையே கிடையாது.

குரொய்டன்காரன்:
நன்றி அண்ணா, 40 பென்ஸ் கதைக்கு மனுசியும் சிரிச்சிட்டா. அறிவிச்சாச்சு. இன்னொரு கேள்வி. பக்கத்துத் தமிழ்க்கடையில அவவைக் கிழமைக்கு 18 மணித்தியாலம் நிக்கச் சொல்லிக் கேக்கினம், மணிக்கு 12.21. போகலாமோ?

ஈலிங் அக்கா:
போகலாம், ஆனா கணக்கைப் பாருங்கோ. 2025-26 வருசத்தில கேரர்ஸ் அலவன்சுக்கு உழைப்பு எல்லை கிழமைக்கு 196, வரியும் நஷனல் இன்சூரன்சும் போன மிச்சம். 16 மணித்தியாலம் எண்டா 195.36, மட்டுமட்டா உள்ளுக்க. 18 எண்டா 219.78. ஒரு பவுண்ஸ் கூடினாலும் அந்தக் கிழமை அலவன்ஸ் முழுசாப் போயிடும், குறைஞ்சு வாறதில்லை. சொல்லாமல் விட்டா ஒருநாள் மொத்தமாத் திருப்பிக் கட்டு எண்டு கடிதம் வரும். ஆயிரக்கணக்கில கட்டினவையள் இருக்கினம்.

ஆனா கேரர் எலிமென்டுக்கு உழைப்பு எல்லை இல்லை. 35 மணித்தியாலப் பராமரிப்பு இருந்தாக் காணும். அலவன்ஸ் நிண்டா யூசி கழிக்கிறதும் நிக்கும், அதால அதில நட்டமில்லை. சம்பளம் மாதம் கிட்டத்தட்ட 952. உங்களுக்கு எல்.சி.டபிள்யூ.ஆர்.ஏ. இருக்கிறபடியா முதல் 411ஐத் தொடமாட்டினம், மிச்சத்தில 55 சதவீதம், ஏறக்குறைய 298, கழிப்பினம். கையில 650க்கு மேல நிக்கும். என்னைக் கேட்டா, வேலைக்குப் போற கிழமையே அலவன்சை நிப்பாட்டச் சொல்லி அறிவிக்கிறதுதான் நிம்மதி.

ஒண்டு மட்டும் மறக்காதேங்கோ. எல்லாம் உங்கட பிப் டெய்லி லிவிங்கில தொங்குது. அது நிண்டா எலிமென்டும் நிக்கும். பிப்பில நடமாட்டத்துக்கான மொபிலிட்டிப் பகுதி மட்டும் மிஞ்சினாக் காணாது. ஆஸ்பத்திரியில 28 நாளுக்கு மேல கிடந்தாலும் பிப் நிக்கும்.

குரொய்டன்காரன்:
ஒரு மாதத்துக்குப் பிறகு வாறன். இந்த ஸ்டேட்மென்டில 201.68 வந்திருக்கு. அலவன்சை நிப்பாட்டிப்போட்டு மனுசி திங்கள் தொடங்கி கடைக்குப் போறா, நான் பத்து மணிவரைக்கும் சொக்ஸ் இல்லாமல் இருக்கிறன். பழைய மாதக் காசுக்கு எழுதினதுக்கு இன்னும் பதில் இல்லை, வந்தா இங்க போடுறன்.