18 வயதுக்குக் கீழ் ஈசிடி (மயக்க மருந்து கொடுத்து, தலையில் மின்சாரம் செலுத்தி வலிப்பு வரவழைக்கும் மனநோய் சிகிச்சை): சில வருடம் கழித்து நினைவாற்றல் எப்படி இருக்கும்?

பிஜி_மனநலம்:
மருந்து கேட்காத கடும் மனச்சோர்வு, பைபோலார் (மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் நோய்) உள்ள 15, 16 வயதினருக்கு ஈசிடி என்றதும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "பிளஸ் டூ எழுதணுமே, படிச்சது மறந்துடுமா?" கோர்ஸ் (ஈசிடி அமர்வுகளின் தொடர்) முடிந்த வாரத்து மறதி தெரிந்ததே. வருடங்கள் போன பிறகு?

சொற்பட்டியல்:
பிரான்சில் கோஹன் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. வளரிளம் பருவத்தில் இருபக்க ஈசிடி (தலையின் இரு பக்கமும் எலெக்ட்ரோடு வைப்பது) பெற்ற 10 பேரைக் கடைசி ஈசிடிக்குச் சராசரி 3.5 வருடம் கழித்துச் சோதித்தார்கள். வயது, பாலினம், நோய் ஒத்த, ஈசிடி பெறாத வேறு 10 பேருடன் ஒப்பீடு. வெக்ஸ்லர் நினைவுத் தேர்விலோ சொற்பட்டியல் கற்றலிலோ வித்தியாசம் இல்லை. கோர்ஸ் முடிந்த கையோடு மறதி இருந்ததாகச் சொன்னவர்கள் 6 பேர்; பின்னாளிலும் குறை சொன்னவர் ஒருவர்.

ஆனாலும் வெறும் 10 பேர். சின்ன வேறுபாடு இருந்தால் இதில் சிக்காது. தவிர, இத்தேர்வுகள் புதிதாகக் கற்பதை அளப்பவை. ஈசிடி நடந்த வாரங்களின், அதற்கு முந்தைய சில மாதங்களின் சொந்த நினைவுகள் (யார் பார்க்க வந்தார்கள், வகுப்பில் என்ன பாடம் நடந்தது) சிலருக்குத் திரும்புவதே இல்லை. பெற்றோரிடம் அதை மறைக்காதீர்கள். சமீபத்தில் படித்ததை மறுபடி படிக்க நேரலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

தியேட்டர்_பக்கம்:
எலெக்ட்ரோடு வைக்கும் இடமும் டோஸும் மறதியை மாற்றும். வலப்பக்கம் மட்டும் வைத்தால் மறதி குறைவு, ஆனால் த்ரெஷோல்டைப் (வலிப்பு வரத் தேவையான மிகக் குறைந்த மின் அளவு) போல் 6 மடங்கு வரை டோஸ் வேண்டும். இருபக்கத்துக்கு 1.5 மடங்கு போதும். இந்த வயதில் த்ரெஷோல்டு தாழ்வு, வலிப்பும் நீளும். எனவே பெரியவர்களுக்கான டோஸை அப்படியே வைக்காமல், முதல் அமர்வில் சிறிதிலிருந்து ஏற்றி த்ரெஷோல்டைக் கண்டுபிடியுங்கள். இஇஜி (மூளை மின்னலைப் பதிவு) ஓடாமல் தொடவே கூடாது: சக்சினைல்கோலின் (தசைத் தளர்த்தி) போட்டபின் கை கால் அசைவு நின்றும் மூளையில் வலிப்பு ஓடிக்கொண்டிருக்கும். 3 நிமிடம் தாண்டினால் மிடசோலம் (வலிப்பை அடக்கும் மருந்து) கொடுத்து நிறுத்த வேண்டும். நீண்டுவிட்டால் விழித்தபின் குழப்பமும் அதிகம்.

பிஜி_மனநலம்:
நன்றி. கார்டியன் கையெழுத்து போதுமா?

சட்டம்95:
போதாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 95 சிறார்களுக்கு ஈசிடியைத் தடை செய்கிறது. மனநல மருத்துவர் அவசியம் என்று கருதினால் கார்டியனின் ஒப்புதலோடு மனநல மறுஆய்வு வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாத ஈசிடி எந்த வயதிலும் குற்றம்.

சொற்பட்டியல்:
மறதியையே பேசிக்கொண்டிருக்கிறோம், நோய் திரும்புவதுதான் பெரிய தலைவலி. பெரியவர்களிடம் செய்த 2001 ஆய்வில், ஈசிடியில் தேறியவர்களுக்குப் பிறகு பிளசீபோ (மருந்தில்லாத போலி மாத்திரை) மட்டும் கொடுத்தபோது 6 மாதத்தில் 84% பேருக்குத் திரும்பியது; நார்ட்ரிப்டிலினும் (மனச்சோர்வு மருந்து) லித்தியமும் (மனநிலையைச் சீராக்கும் மருந்து) சேர்த்தபோது 39%. சிறார்களுக்கு அதே எண்கள் என்று சொல்லவில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் தொடர் மருந்து இல்லாமல் அனுப்பாதீர்கள். நினைவுத் தேர்வை ஈசிடிக்கு முன்பும், முடிந்ததும், 3 முதல் 6 மாதத்திலும் வையுங்கள். மனச்சோர்வே கவனத்தையும் நினைவையும் கெடுக்கும்; முதல் தேர்வு கையில் இல்லையென்றால் பின்னால் வரும் எந்தக் குறையும் ஈசிடி கணக்கில்தான் எழுதப்படும்.