'சமூக நீதிப் போராளி' வேண்டாம்: 'நீதிக் கொடிதூக்கி' என்றொரு முன்மொழிவு

அன்புடையீர்,

சமூக நீதிக்காக வாதாடுவோரைப் பெரும்பாலும் ஏளனமாகச் சுட்டும் 'சோஷியல் ஜஸ்டிஸ் வாரியர்' என்ற ஆங்கில இணைய வழக்கிற்குச் 'சமூக நீதிப் போராளி' என்று நம் கலைச்சொற் பட்டியலில் இடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. தமிழக நண்பர்களின் காதில் 'முகநூல் போராளி' பகடியாக ஒலிக்கலாம். திருகோணமலையிலோ போராளி என்றால் ஆயுதமேந்திய இயக்கத்தவர், 2009இற்குப் பின்னர் 'முன்னாள் போராளி'. என்னிடம் உயர்தரத் தமிழ் படிக்கும் மாணவி ஒருத்தி அந்தப் பகடியை வீட்டில் சொல்லிச் சிரித்தபோது, அவளுடைய அம்மம்மா, "ஆர் பிள்ளை, எந்த இயக்கம்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாராம்.

ஆங்கிலத் தொடரின் வரலாறும் கவனிக்கத்தக்கது. 1990களில் பெரிதும் பாராட்டாக வழங்கிய அது, 2011 அளவில் டுவிட்டரில் வசையாகத் திரும்பி, 2014இல் காணொளி விளையாட்டு உலகில் பெண்களைக் குறிவைத்து இணையத்தில் மூண்ட கேமர்கேட் சச்சரவோடு எங்கும் பரவியது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் 'விழிப்பாயிரு' என்று தம்முள் எச்சரித்துக்கொண்ட 'வோக்' என்ற சொல்லுக்கும் ஏறத்தாழ இதே கதிதான்.

இதை 'இழிபொருட்பேறு' (நற்பொருள் தந்த சொல் இழிபொருளுக்கு இறங்குவது) என்று சொல்லி, 'நாற்றம்' என்ற வழமையான சான்றோடு முடித்துவிடலாகாது. நறுமணத்தையும் குறித்த நாற்றம் நீண்ட காலத்தில் எல்லோர் வாயிலும் ஒருசேர இழிந்தது. இணையச் சொல்லோ ஒரே நாளில் ஓரணிக்கு விருதாகவும் மற்றோரணிக்கு வசையாகவும் இருக்கிறது. ஆகவே நாம் ஆக்கும் சொல் இரண்டு தொனிகளையும் தாங்கவேண்டும்.

மாற்றுச் சொற்களுள் 'வாய்ச்சொல் வீரர்' வெறும் ஏளனம். 'செயற்பாட்டாளர்' என்பதையும் தொடவேண்டாம். 2016இல் கைவிடப்பட்ட, திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர் அனல்மின் திட்டத்தை எதிர்த்தவர்களைப் போன்றோருக்கு இங்கே மரியாதையோடு வழங்கும் சொல் அது. 'நீதிக்கொடியர்' என்ற பரிந்துரை அழகுதான், ஆனால் படிப்பவர் கண்ணுக்குக் கொடியவரே தெரிவர்!

என் முன்மொழிவு 'நீதிக் கொடிதூக்கி'. 'போர்க்கொடி தூக்கினர்' என்று செய்தித்தாள் எழுதும்போது அதில் இழிவில்லை. 'பல்லக்குத் தூக்கி' என்னும்போதோ 'தூக்கி' குத்துகிறது. சொல்பவரின் நோக்கத்திற்கேற்ப இரு பக்கமும் சாயும். 'வோக்' என்பதை ஒலிபெயர்த்தே இட்டு, மாறிவந்த பொருள்களைக் கால வரிசையில் தரலாம்.

பன்மைதான் இடறுகிறது. 'கொடிதூக்கிகள்' என்றால் ஏளனம் மேலோங்குகிறது, 'கொடிதூக்கியர்' என்றால் மதிப்புக் கூடிவிடுகிறது. இரண்டையும் பதியலாம் என்பது என் எண்ணம். இலக்கணம் வல்லார் கருத்துரைக்க வேண்டுகிறேன்.