காது கேளாத டல்மேஷன்: தோட்டத்துப் பங்களாவா, 20 பேர்ச் வீடா?

பண்டாரவளை_மலர்:
ஆண் டல்மேஷன், வயசு 2, நிறை 27 கிலோ. ரெண்டு காதும் பிறவியிலேயே கேக்காது. மூத்திரப்பையில யூரேட் கல் வந்து ஒருக்கா சத்திரசிகிச்சை செஞ்சிருக்கு. ஓடாம இருக்கவே முடியாத நாய். நாங்க கொழும்பு மாடி வீட்டுக்கு மாறுறோம், பகல்ல 9 மணித்தியாலம் வீட்டுல யாரும் இருக்க மாட்டோம். டிக்கோயாவுல ஒரு தோட்டத்துப் பங்களாவுல கேக்கிறாங்க, 3 ஏக்கர். அப்புத்தளையில ஓய்வு பெற்ற ஆசிரியர் தம்பதி ஒண்ணும் கேக்கிறாங்க, 20 பேர்ச் (ஏக்கர்ல எட்டுல ஒரு பங்கு), சுத்தி வலைக்கம்பி. எதுக்குக் குடுக்கிறது நல்லம்?

ஹட்டன்_தோட்டத்தான்:
யோசிக்காம பங்களாவுக்குக் குடுங்க தங்கச்சி. குதிரை வண்டிக்குப் பக்கத்துலேயே மைல் கணக்கா ஓடுறதுக்குன்னு வளர்த்த இனம் இது. 20 பேர்ச்சுல அடைச்சா மண்ணைத் தோண்டும், கதவைப் பிராண்டும், சொந்தக் காலையே நக்கி நக்கிப் புண்ணாக்கும். பங்களாவுல சமையல்காரர், தோட்டக்காரர், காவல்காரர்னு எந்நேரமும் ஆள் இருக்கும். அங்க காது கேக்கிற நாய் ஒண்ணு இருந்தா இன்னும் நல்லம். அது தலை தூக்கினா இதுவும் தூக்கும்.

நானுஓயா_நேசன்:
அண்ணே, 3 ஏக்கருக்கும் வேலி இருக்கான்னு முதல்ல கேளுங்க. பெரும்பாலும் வாசல் பக்கம் மட்டும்தான் இருக்கும், மத்தப் பக்கம் தேயிலை. வேலி இருந்தாலும் அதுக்குக் கீழால தண்ணி போற கான் இருக்கும். ஒரு பெரிய மழையில கானோரம் மண் கரைஞ்சா நாய் நுழையிற அளவுக்கு இடைவெளி வந்துரும். வெளிய போன காது கேக்காத நாயைக் கூப்பிட்டு எடுக்க ஏலாது.

தேயிலைக்குள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். காட்டுப்பன்றிக்குக் கட்டுற கம்பிச் சுருக்கு. 2020ல நல்லதண்ணியில ஒரு கருஞ்சிறுத்தை மாட்டினது அப்படி ஒரு சுருக்குலதான், அது பிழைக்கல. ஓடுற வேகத்துல நாய் மாட்டினா கழுத்தோ இடுப்போ அறுபடும். அந்தியில சிறுத்தை வரும், மற்ற நாய்கள் குரைக்கிறது இதுக்குக் கேக்காது. களைக்கொல்லி மருந்து அடிச்ச தேயிலை மலையில கால் நனைச்சுட்டு வந்து அந்தக் காலையே நக்கும். இந்த நாய்க்கு ஏக்கர் முக்கியமில்ல. வேலியும் கூட ஒரு ஆளும்தான் முக்கியம்.

ஹட்டன்_தோட்டத்தான்:
அப்புத்தளையில மட்டும் என்ன பாதுகாப்பு? ரயில் பாதை ஊருக்குள்ளாலேயே போகுது, ரயில் ஊதினா இதுக்குக் கேக்குமா? பஸ் பாதையில திருப்பத்துக்குத் திருப்பம் வளைவு. வயசானவங்க அந்தச் சரிவுல 27 கிலோ நாயைப் பிடிச்சுக்கிட்டு நடக்க முடியுமா? ஒரு இழுப்புல விழுந்தா இடுப்பெலும்பு போயிரும். அதையும் சேர்த்து யோசிங்க தம்பி.

நானுஓயா_நேசன்:
அந்தப் பயம் நியாயமானது. அதுக்கு வழி இருக்கு. கழுத்துப்பட்டியில கயிறு கட்டி நடக்கவே கூடாது. நெஞ்சுப் பக்கம் வளையம் வச்ச உடம்புப் பட்டியில கட்டினா, இழுக்கிற நாய் தானாவே பக்கத்துக்குத் திரும்பும், இழுப்போட பலம் குறையும். ஓட்டத்துக்கு 10 மீட்டர் நீளக் கயிறு. அதை முதுகு வளையத்துல மட்டும்தான் கட்டணும். கழுத்துலயோ நெஞ்சுலயோ கட்டினா, கயிறு முடியிற இடத்துல வெட்டி இழுபட்டுக் கழுத்தெலும்பும் தோளும் பாதிக்கும். காலையில 45 நிமிஷம், பின்னேரம் 45 நிமிஷம். அதைச் செய்யத் தெரிஞ்ச ஒரு இளைஞனை ஒழுங்கு பண்ணாம அந்தத் தம்பதிக்கும் குடுக்கக் கூடாது.

காலுக்கு மட்டும் வேலை குடுத்தா நாய் இன்னும் பலமாகுமே தவிர அடங்காது. மூக்குக்கு வேலை குடுங்க. ஒரு நேரச் சாப்பாட்டைத் தட்டுல வைக்காம புல்லுல தூவி விடுங்க, பழைய துணியில சுருட்டி ஒளிச்சு வைங்க. 20 நிமிஷம் மோப்பம் பிடிச்சுத் தேடினா படுத்துத் தூங்கிரும். இதுக்கு 5 பேர்ச்சே தாராளம்.

பேராதனைக்_கயல்:
கல்லைப் பத்தி ரெண்டு பேருமே பேசல. இதுல உயிருக்கு ஆபத்து அதுதான்.

டல்மேஷனோட உடம்பு யூரிக் அமிலத்தை மற்ற நாய்கள் மாதிரி உடைக்காது, மூத்திரத்துல அப்படியே தள்ளும். யூரேட் கல் அதுலதான் உண்டாகுது. ஆண் நாயோட மூத்திரக் குழாய் ஒடுக்கம், குறி எலும்புக்குப் பின்னால கல் சிக்கிக்கும். ஒருக்கா வந்த நாய்க்குத் திரும்ப வரும்னே வச்சுக்கங்க. ஈரல், குடல், நெத்தலி, கருவாடு, டின் மீன் எதுவுமே ஆகாது. சோறு, முட்டை, கரட், பூசணி, உப்புப் போடாத தயிர் நல்லம். பருப்பு கொஞ்சமாக் குடுக்கலாம். சாப்பாட்டை எப்பவும் கஞ்சி மாதிரி தண்ணி விட்டுக் குடுங்க. இந்த எடைக்கு ஒரு நாளைக்கு எல்லாமாச் சேர்த்து ஒன்றரை லீட்டர் தண்ணி உள்ள போகணும். மலைநாட்டுக் குளிர்ல நாய் தானாத் தண்ணி குடிக்கிறது குறையும், அதனால வெதுவெதுன்னு வைங்க. 4 - 5 மணித்தியாலத்துக்கு ஒருக்கா மூத்திரம் போக விடணும், அடக்கி வச்சாக் கல் சேரும். கொழும்பு வீடு சரி வராதுங்கிறதுக்கு இதுவே போதும்.

யூரிக் அமிலத்தைக் குறைக்கிற அலோபியூரினோல் குளிசை குடுக்கிறீங்களா மலர்? குடுத்தா இன்னும் கவனம். குளிசையும் குடுத்து ஈரலும் குடுத்தா சாந்தீன்னு வேற கல் உண்டாகும்.

பண்டாரவளை_மலர்:
ஆமா அக்கா, காலையும் இரவும். வைத்தியர் சொன்ன அளவுலதான்.

நானுஓயா_நேசன்:
அப்ப பங்களா இன்னும் மோசம். எந்நேரமும் ஆள் இருக்கும்னு அண்ணன் சொன்னதுதான் இங்க பிரச்சினை. சமையல்கட்டுல கோழி ஈரல் மிஞ்சும், காவல்காரர் கருவாட்டுச் சோறு வைப்பார், எல்லாம் பாசத்துலதான். யார் என்ன குடுத்தாங்கன்னு யாருக்கும் தெரியாது. கை சைகையும் ஆளுக்கு ஒரு மாதிரி ஆயிரும்.

ஹட்டன்_தோட்டத்தான்:
தோட்டத்துச் சனத்துக்குச் சொன்னா விளங்காதுன்னு பேசாதீங்க. வருத்தக்கார மாட்டுக்குத் தவிடு, புண்ணாக்கை அளந்து வைக்கிற சனம் இது. சமையல்கட்டுச் சுவர்ல தமிழ்லயும் சிங்களத்துலயும் எழுதி ஒட்டினா, சாப்பாட்டைச் சமையல்காரர் ஒருத்தர் பொறுப்புல விட்டா முடிஞ்சுது. வேலி விஷயத்தை ஒத்துக்கிறேன். ஆனா பங்களாவைச் சுத்தி கால் ஏக்கருக்கு 6 அடி வலை அடிச்சு, அடியில ஒரு அடி உள்பக்கமா மடிச்சுக் கல் வச்சு, கான் போற இடத்துல இரும்புக் கிராதி போட்டுக் குடுத்தா? பேராதனை மிருக வைத்தியசாலைக்கு டிக்கோயாவுல இருந்து போறது அப்புத்தளையை விடக் கிட்ட. ராத்திரி மூத்திரம் அடைச்சா அந்த வித்தியாசம் உயிர்.

நானுஓயா_நேசன்:
வேலி அடிச்சு முடிச்ச பிறகு பேசலாம் அண்ணே. அடிக்கிறோம்னு சொல்லிக் கொண்டு போற இடத்துல கடைசியில சங்கிலிதான் மிஞ்சும்.

கந்தப்பளை_ராசா:
ஒரு பெட்டையோட சேர்த்துக் குட்டி எடுத்துட்டுக் குடுக்கலாமே, நல்ல விலை போகும்.

பேராதனைக்_கயல்:
வேண்டவே வேண்டாம். செவிடு வெள்ளை நிற மரபணுவோட வர்றது, குட்டிகளுக்கும் இறங்கும். கைமாறுறதுக்கு முன்னாலேயே கருத்தடை செஞ்சிருங்க. செஞ்சாக் குட்டி விக்கிற ஆட்கள் கேக்கவே மாட்டாங்க.

நானுஓயா_நேசன்:
எங்க குடுத்தாலும் முறை இதுதான் மலர். எடுக்கிறவங்க முதல்ல உங்க வீட்டுக்கு நாலு தரமாவது வந்து சைகைகளை நாய்க்கு முன்னாலேயே செஞ்சு பழகணும்: வா, இரு, நில், விடு, நல்லது, வேண்டாம். எல்லாத்தையும் போன்ல வீடியோ எடுத்துக் குடுங்க. மூடுபனி இறங்கினா 20 மீட்டர்ல கை தெரியாது, அதனால டோர்ச் வெளிச்சத்தையும் அதிர்வுப் பட்டியையும் 'வா'வுக்குப் பழக்கணும். அதிர்ந்ததும் தீனி, அவ்வளவுதான். ஷொக் அடிக்கிற பட்டி வேண்டாம், சத்தமே இல்லாம வர்ற வலியைப் பக்கத்துல நிக்கிற பிள்ளையோட சேர்த்து நினைச்சுக் கடிக்கும். தூங்குறப்ப திடீர்னு தொடவும் கூடாது. மூக்குக்குக் கிட்டக் கையை வச்சு வாசம் காட்டி, பிறகு தோளைத் தொடணும்.

கொண்டு போற அன்னைக்கு மட்டும் உடம்புப் பட்டியில ஒண்ணு, காப்புக்குக் கழுத்துல ஒண்ணுன்னு ரெண்டு கயிறு. புது இடத்துல முதல் நாட்கள்ல நாய் தப்பப் பார்க்கும். பட்டியில 'காது கேளாது' என்டு ரெண்டு மொழியிலயும் எழுதி நம்பர் போடுங்க. விசர்நாய்த் தடுப்பூசி அட்டையையும் குடுங்க. 2 கிழமை பரீட்சார்த்தம், சரிவராட்டி உங்ககிட்டயே திரும்ப வரணும்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வைங்க.

பண்டாரவளை_மலர்:
அப்புத்தளைக்கு 2 கிழமை விட்டுப் பார்க்கிறேன். ஓட்டத்துக்குப் பக்கத்து வீட்டுத் தம்பியை அவங்களே கேட்டுட்டாங்க. பங்களாக்காரங்ககிட்ட வேலி அடிச்ச படத்தை அனுப்பச் சொல்றேன்.

ஹட்டன்_தோட்டத்தான்:
அந்தத் தம்பதியில ஒருத்தருக்கு வருத்தம் வந்தா யார் பார்க்கிறதுன்னு அதே கடுதாசியில எழுதிக்கங்க தங்கச்சி. என் மனசு இன்னும் பங்களாப் பக்கம்தான்.

பேராதனைக்_கயல்:
விடுறதுக்கு முன்னால அந்தப் பக்கம் மூத்திரக் குழாயில ட்யூப் விடத் தெரிஞ்ச மிருக வைத்தியர் யார்னு கேட்டு நம்பரை எடுத்துக் குடுங்க. யூரேட் கல் சாதாரண எக்ஸ்ரேயில பெரும்பாலும் தெரியாது, அதனால ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கட்டாயம் சேர்த்துக் குடுங்க. கால் தூக்கி முக்கிச் சொட்டுச் சொட்டா வந்தாலோ, ரத்தம் கலந்தாலோ காலையில பார்ப்போம்னு வைக்கக் கூடாது, அந்த நேரமே கொண்டு போகணும்னு அந்த ரெண்டு பேருக்கும் நேர்ல சொல்லுங்க.