‘அக்ரஷன்’ – தமிழில் என்ன? (திங்கட்கிழமை அச்சு)

கோத்தகிரி ஆசிரியை:
வணக்கம். போர் மனிதனின் பிறவிக்குணம் என்பது அறிவியல்படி தவறு என்று 1986இல் ஸ்பெயினின் செவில் நகரில் அறிஞர்கள் ஓர் அறிக்கை தந்தார்கள். 1989இல் யுனெஸ்கோ ஏற்றது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்காக அதைத் தமிழாக்குகிறேன். அதில் வரும் ‘அக்ரஷன்’ (aggression) என்ற சொல்லுக்கு ‘ஆக்கிரமிப்பு’ என்று போட்டால் இங்கே புறம்போக்கும் நோட்டீஸும்தான் ஞாபகம் வரும். வேறு சொல் தாருங்கள்.

கூடலூர் புலவர்:
கோபத்துக்குப் பழைய சொல் ‘வெகுளி’ இருக்கிறதே அம்மா! மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சி, எட்டில் ஒன்று. உறுப்பறை (உறுப்பை வெட்டுதல்), குடிகோள் (குடியைத் துன்புறுத்தல்), அலை (அடித்து வைது அலைத்தல்), கொலை என அது பிறக்கும் இடம் நான்கையும் தொல்காப்பியர் சொல்லிவிட்டார். அவர் நூலின் உரியியலில் ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’, இரண்டுக்கும் கோபம் என்றும் பொருள். ‘கறுவிக்கொண்டு திரிகிறான்’ என்கிறோமே, அது இந்தக் கறுப்புதான். சினமும் சிவப்பும் ஒரே வேர் என்பது என் கட்சி, விரித்து எழுதுவேன்.

குன்னூர்:
எழுதாதீர்கள் ஐயா! ‘அவன் சரியான வெகுளி’ என்றால் இன்று அப்பாவி. வகுப்பே சிரிக்கும். ‘வலுச்சண்டைக் குணம்’ போடுங்கள் டீச்சர், தேயிலைத் தோட்டம்வரை புரியும்.

கூடலூர் புலவர்:
குணம் வடசொல்.

வெலிங்டன், ஓய்வுபெற்ற சுபேதார்:
படையில் கோபக்காரனை யாரும் நம்பமாட்டோம். காவலில் நிற்கும்போது பதற்றத்தில் சுட்டுவிடுவான். உத்தரவு வந்தது, போனோம். எதிரில் இருந்தவன் மேல் எனக்கு எந்த வெகுளியும் இல்லை. புலவர் ஐயாவின் தொல்காப்பியமே படையெடுப்பைச் சொல்லும் வஞ்சித்திணைக்கு ‘எஞ்சா மண்ணசை’, தீராத மண்ணாசை என்றுதானே காரணம் சொல்கிறது? விலங்கு நடத்தை ஆய்வாளர் கான்ராட் லோரன்ஸ் 1963இல் ‘அக்ரஷன்’ என்று எழுதியது விலங்கின் உள்ளுணர்ச்சியை. 1974இல் ஐ.நா. பொதுச்சபை வரையறுத்தது ஒரு நாடு இன்னொரு நாட்டின்மேல் படை ஏவுவதை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அதனால்தான் ஆள் அடித்துக்கொள்வதையும் அரசு படையெடுப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். நாமும் ஏன் குழம்ப வேண்டும்? நாடு செய்தால் ஆக்கிரமிப்பே இருக்கட்டும், நோட்டீஸோடு. ஆளுக்குத் ‘தாக்குணர்வு’.

குன்னூர்:
காதில் ‘தாகஉணர்வு’ என்று விழுகிறது. ஆனாலும் சரி.

கூடலூர் புலவர்:
இங்கே ஆண் யானைக்கு மதம் பிடித்தால் கன்னத்தில் நீர் வழியும், கண்ணால் பார்க்கலாம். மனிதனுக்கு அப்படி எதுவும் வழிவதில்லை என்பதால் போர் வேறு, கோபம் வேறு என்று சுபேதார் சொல்வதை ஒப்புகிறேன். சொல்லை ஒப்பவில்லை.

கோத்தகிரி ஆசிரியை:
வேறு யாரும் எழுதாததால் ‘தாக்குணர்வு’ என்றே அனுப்பிவிட்டேன். நன்றி.

கூடலூர் புலவர்:
என் மறுப்பு இருக்கட்டும். சினம்–சிவப்பு பற்றித் தனி இழையில் வருகிறேன்.