புதுப்பிப்பு: ஜிப்ஸியின் டிரான்ஸ்பர் கேஸ் ஆயில்

ஓடையைக் கடந்த பிறகு எனது மாருதி ஜிப்ஸியின் டிரான்ஸ்பர் கேஸில் (இன்ஜின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) முனகல் ஒலி கேட்பதாக முன்பு எழுதியிருந்தேன். பலரும் அறிவுறுத்தியபடி ஆயிலை மாற்றிவிட்டேன். ஆயிலை வடிக்கும் துளையின் மூடியான டிரெயின் பிளக்கைத் தொடுவதற்கு முன், ஆயில் ஊற்றும் துளையின் மூடியான ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது துருவேறி இறுகியிருந்தால், பழையதை வடித்த பின் புதிய ஆயிலை ஊற்ற வழியிராது.

வடிந்த ஆயில் பால் காபி நிறத்தில் இருந்ததால் நீர் புகுந்திருப்பது உறுதியாயிற்று. கேஸுக்குள் காற்று வந்துபோக உதவும் பிரீதர் குழாயைச் சேறு அடைத்திருந்தது. சூடான கேஸ் குளிர்ந்த நீரில் அமிழும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. அதை ஈடுசெய்யக் குழாய் வழியே காற்று வர இயலாதபோது, ஆயில் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீலின் விளிம்பு வழியாக நீர் உறிஞ்சப்படுகிறது. வடித்த ஆயிலில் காந்தத்தைத் துழாவியபோது சாம்பல் நிறப் பசை மட்டுமே ஒட்டியது. பல்சக்கரச் சில்லு எதுவும் அகப்படாதது பெரிய நிம்மதி.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஃபில்லர் துளையின் கீழ்விளிம்பில் வழியும் வரை கியர் ஆயில் ஊற்றினேன், சுமார் 0.8 லிட்டர் பிடித்தது. சங்கிலியால் இயங்கும் டிரான்ஸ்பர் கேஸ்கள் பலவற்றுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்) தேவைப்படுவதால், இதே ஆயிலை எல்லா வண்டிகளுக்கும் ஊற்றிவிடக் கூடாது. கையேட்டைப் பார்ப்பதே முறை.

முனகல் பெருமளவு குறைந்துள்ளது. மூலைகளில் எஞ்சிய ஈரத்தை வெளியேற்ற, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் மீண்டும் ஒருமுறை மாற்றவிருக்கிறேன்.